படியாக்கம்

ஒன்றைப்போல் இன்னொன்றை உண்டாக்குவதும், ஒரு செயலை அதே முறையில் திரும்பச் செய்வதும் படியாக்கம். இடத்துக்கு இடம் சொல் மாறும். உயிரியல் பாடநூலில் டிஎன்ஏ 'இரட்டிப்பு', கணினித் தரவுத்தளத்தில் 'நகலாக்கம்', கல்வெட்டில் 'மைப்படி'. விழுப்புரத்தை அடுத்த மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் குடைந்த கோயில் என்று மகேந்திரவர்ம பல்லவன் வெட்டிவைத்த வடமொழிக் கல்வெட்டு உண்டு. இத்தகைய கல்வெட்டைப் படியெடுக்க, ஈரத்தாளைப் பாறையில் ஒட்டித் தூரிகையால் தட்டுவார்கள். எழுத்தின் பள்ளத்தில் தாள் இறங்கும். காயும் முன் மைப்பொதியால் ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் தெரியும்.

வேளாண் ஆய்வில் பொருளே வேறு. அங்கே அது நகல் அல்ல, திரும்பச் செய்தல். பேச்சில் 'ரெப்ளிகேஷன்'தான். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டிஎம்வி 2, டிஎம்வி 7 நிலக்கடலை ரகங்களின் பெயரில் உள்ள 'டிஎம்வி' அந்த ஊரையே குறிக்கும். இப்படி ஒரு ரகத்தைச் சோதிக்கும்போது, அதை ஒரே பாத்தியில் விதைத்துவிட்டு விளைச்சலைச் சொன்னால், பெருமை ரகத்துக்கா மண்ணுக்கா என்று தெரியாது. வயலின் ஒரு மூலை செம்மண், இன்னொன்று கொஞ்சம் ஈரம். ஆகவே எல்லா ரகங்களையும் பல தொகுதிகளில், ஒவ்வொன்றிலும் குலுக்கல் முறையில் இடம் மாற்றி விதைப்பார்கள். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் வகுத்த முறை இது. ஒரு முறைக்குப் பதில் 4 முறை செய்தால் சராசரியின் திட்டப் பிழை பாதியாகும். அதையும் பாதியாக்க 16 முறை வேண்டும். வயலும் கூலியும் அதற்கு இடம் தருவது அரிது.