காலி பாக்கெட் சொன்ன கணக்கு

வரலாறு என்றால் மன்னர்களும் போர்களும் மட்டும்தானா? பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு பொருளை உருவாக்கிச் சந்தைக்குக் கொண்டுவரும் தயாரிப்பு மேலாளருக்குப் பகுத்தாராயும் திறன் ஏன் அவசியம் என்பதை அது நன்றாக விளக்கும்.

சேலம் அம்மாபேட்டை போன்ற தறி ஊர்களில் கூலி வாரக் கணக்கில் வரும். அந்த வருமானத்தில் மொத்தமாகப் பணம் கொடுத்து ஒரு பாட்டில் ஷாம்பு வாங்குவது சிரமம். இதைப் பார்த்து, "இங்கே ஷாம்பு விற்காது" என்று முடிவு கட்டிவிடலாம். "எந்த அளவில் கொடுத்தால் வாங்குவார்கள்?" என்றும் கேட்கலாம்.

இரண்டாவது கேள்வியைக் கேட்டவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். டப்பாவில் விற்ற டால்கம் பவுடரைச் சிறு பொட்டலங்களில் விற்றவர் அவர். அவருடைய பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தனர். மகன்களில் ஒருவரான சி.கே.ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 1983-ல் வெறும் 15,000 ரூபாயுடன் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். தந்தையின் பெயரிலிருந்து வந்ததுதான் 'சிக்'.

பணபலம் மிக்க போட்டியாளர்கள் முன்னே நிற்க, அவர் சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரித்தார். கிராமத்தாருக்கு ஷாம்பு போடத் தெரியாதா? ஊருக்கு நடுவில் ஒரு சிறுவனின் தலையை அலசிக் காட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். புதிய பெயரை யார் நம்புவார்? எந்த ஷாம்புவாக இருந்தாலும் 5 காலி பாக்கெட் கொடுத்தால் ஒரு சிக் இலவசம் என்றார்கள். மக்களுக்குப் பழகியதும் விதி மாறியது; சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டுமே இலவசம்! மாத விற்பனை 35,000 ரூபாயிலிருந்து 12 லட்சமாக உயர்ந்ததாக ரங்கநாதன் பேட்டியில் கூறியிருக்கிறார். அந்த நிறுவனமே பின்னாளில் கெவின்கேர் ஆனது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? திட்டத்தைவிட, அதை எப்போது மாற்றுவது என்ற கணிப்புதான் முக்கியம். முதல் விதியையே நீட்டித்திருந்தால் போட்டியாளரின் விற்பனைக்கும் சேர்த்துப் பரிசு கொடுத்ததாகியிருக்கும்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. காலி பாக்கெட் எங்கே போகிறது? பல அடுக்கு பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்வது கடினம், சாக்கடையில்தான் அடைகிறது. 5 காலி பாக்கெட்டைத் திரும்ப வாங்கிய அந்தப் பழைய திட்டத்திலேயே இதற்கும் ஒரு விடை ஒளிந்திருக்கலாம். நாளைய தயாரிப்பு மேலாளர்களே, யோசியுங்கள்!