உப்பு இன்ஸ்பெக்டரின் மூன்றாம் பாகம்

அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ முதல் பாகம் 1898-இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் அடுத்த வருடமே, 1899-இல். மூன்றாம் பாகத்தை அவர் எழுதத் தொடங்கியது 1924-இல். நடுவில் 25 வருடங்கள். தமிழின் ஆரம்பகால நாவல்கள் என்றால் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, ‘கமலாம்பாள் சரித்திரம்’, ‘பத்மாவதி சரித்திரம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அந்த நாவலைவிட இந்த இடைவெளிதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு மனுஷன் 27 வயதில் நிறுத்திய கதையை 52 வயதில் எடுக்கிறார் என்றால், அந்த 25 வருடம் என்னதான் பண்ணிக்கொண்டிருந்தார்?

நேரடியான பதில்: வேலை பார்த்தார். குடும்பம் நடத்தினார். எட்டுக் குழந்தைகள்.

வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுவது பற்றிப் பேச்சு வந்தால் நம் நண்பர்கள் உடனே எடுத்து வைக்கும் பெயர் காஃப்கா. பகலில் இன்சூரன்ஸ் அலுவலகம், ராத்திரி எழுத்து. சரி. ஆனால் காஃப்கா கடைசிவரை கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு அவர் மேஜைக்கு முன்னால் உட்காரும்போது பக்கத்து அறையில் காய்ச்சலில் ஒரு குழந்தை அனத்தவில்லை. அடுத்த பெயர் ஆந்தனி ட்ரோலோப். பிரிட்டிஷ் தபால் துறை அதிகாரி, மனைவி, இரண்டு மகன்கள், காலை ஐந்தரைக்கு எழுத உட்கார்ந்துவிடுவார், நாவல் நாவலாக எழுதித் தள்ளினார். இவரைக் காட்டித்தான் ‘அதிகாலையில் எழுந்தால் எல்லாம் முடியும்’ என்பார்கள். ட்ரோலோப் தன் சுயசரிதையில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். அவரை எழுப்பிக் காபி கொடுக்க வீட்டில் வயதான ஒரு வேலைக்காரர் இருந்தார். அதற்காக அவருக்கு வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். அந்தக் கிழவருக்கு முன்னால் எழுந்து காபி போட்டுக் கொடுத்தது யார் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

ஆகவே மாதவையாவுக்கே வருகிறேன். நம்மைப் போல மூன்றையும் ஒன்றாகச் சுமந்தவர்.

1872-இல் திருநெல்வேலிப் பக்கம் பெருங்குளத்தில் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. அதன்பின் சென்னை மாகாண அரசின் உப்பு, அப்காரி இலாகாவுக்கான பரீட்சை எழுதித் தேறி இன்ஸ்பெக்டர் ஆனார். முதலில் போட்ட இடம் கஞ்சம் மாவட்டம். இப்போது அது ஒடிசாவில் இருக்கிறது. அப்போது சென்னை மாகாணத்தின் வடகோடி. திருநெல்வேலிக்காரரைக் கொண்டுபோய் மாகாணத்தின் அந்த முனையில் போட்டிருக்கிறார்கள். ப்ராஜெக்ட் முடிந்து ‘பெஞ்ச்’சில் இருப்பவனைத் திடீரென்று வேறு ஊருக்கு அனுப்பும் நம் ஹெச்.ஆர். ஆட்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

உப்பு இலாகா என்பது சும்மா மேஜை வேலை இல்லை. உப்பு அரசின் பிடியில் இருந்தது. அனுமதி இல்லாமல் யாரும் உப்பு காய்ச்சக் கூடாது. பாத்தியில் விளைந்த உப்பை வாருவது, அம்பாரம் போடுவது, நிறுப்பது, வெளியே அனுப்புவது எல்லாம் இலாகாக்காரர்களின் கண்காணிப்பில் நடக்க வேண்டும். 1888-இலிருந்து 1903 வரை ஒரு மணங்கு உப்புக்கு இரண்டரை ரூபாய் வரி. மாதவையா வேலையின் முதல் பத்தாண்டுகள் கிட்டத்தட்ட முழுக்க இந்த உச்ச வரிக் காலத்தில்தான் கழிந்தன. தரையில் பூத்த உப்பு மண்ணைச் சுரண்டி எடுத்துப்போகும் ஏழையைப் பிடிப்பதும் இந்த இலாகாவின் கடமை. அப்காரி என்றால் கள், சாராயம். திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறவர்களைத் தேடிப் போக வேண்டும். வெயில், உப்புக் காற்று, ஊர் ஊராக முகாம், அடிக்கடி மாற்றல். இதற்கிடையில்தான் ‘பத்மாவதி சரித்திரம்’ இரண்டு பாகமும் வந்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. குழந்தை மணத்தையும் விதவைக் கொடுமையையும் எதிர்த்து எழுதிய சீர்திருத்தக்காரர், பிழைப்புக்காக உப்புவரிக்குக் காவல் நின்றார். அவர் இறந்து ஐந்து வருடத்தில், 1930-இல், ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்து போய் உப்பு அள்ளியபோது, உப்பு இலாகா என்ற பெயரே தேசத்தின் எதிர்த்தரப்பு ஆகிவிட்டது. மாதவையாவின் காலத்தில் அது படித்த இளைஞனுக்குக் கிடைத்த நல்ல உத்தியோகம், அவ்வளவுதான். நாம் பார்க்கும் வேலைகளை இன்னும் முப்பது வருடம் கழித்து எப்படிப் பார்ப்பார்களோ. நான் விளம்பர க்ளிக்குகளை எண்ணும் ஒரு மென்பொருளில் வேலை செய்கிறேன், இதற்கு மேல் பேசவில்லை.

இடைவெளிக்கு வருவோம். 25 வருடமும் அவர் பேனாவைத் தொடவில்லை என்று நினைத்தால் தப்பு. 1903-ஐ மட்டும் பாருங்கள்: ‘முத்துமீனாட்சி’, ‘விஜயமார்த்தாண்டம்’, ஆங்கிலத்தில் ‘தில்லை கோவிந்தன்’. ஒரே வருடத்தில் மூன்று புத்தகம். 1909-இல் ‘சத்தியானந்தா’. 1915-இல் ‘கிளாரிந்தா’, பாளையங்கோட்டையில் கிறிஸ்தவ சபைக்கு அடித்தளமிட்ட பதினெட்டாம் நூற்றாண்டு மராத்தியப் பெண்ணைப் பற்றியது. அதை ஒட்டி ‘லெப்டினன்ட் பஞ்சு’வும் குசிகர் கதைகளும். வரிசையாக எழுதி வைத்தால் ஒன்று தெரிகிறது: வேகம் சீராக இல்லை. சில வருடம் கொட்டுகிறது, பிறகு ஐந்தாறு வருடம் காய்ந்து கிடக்கிறது, மறுபடி கொட்டுகிறது. ‘தினமும் 500 சொல்’ கட்சிக்காரர்களுக்கு இது பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது. வேலையும் குடும்பமும் உள்ளவனின் எழுத்து வாழ்க்கையை வாரக் கணக்கில் அளந்தால் அது தோல்வியாகத்தான் தெரியும். பத்து வருடத் துண்டாக வெட்டிப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

‘முத்துமீனாட்சி’யின் கதை இன்னும் சுவாரசியம். 1892-இல், இருபது வயதில், ‘விவேக சிந்தாமணி’ பத்திரிகையில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்று ஒரு தொடர் ஆரம்பித்தார். சில இதழ்களோடு நின்றுபோனது. நின்றது நின்றதுதான் என்று விட்டுவிடவில்லை. 11 வருடம் கழித்து அதையே ‘முத்துமீனாட்சி’ என்று முடித்துப் புத்தகமாக்கினார். பாதியில் நின்ற வேலையை எடுத்து முடிக்க அவருக்குத் தெரிந்திருந்தது. 1899-க்குப் பிறகு பத்மாவதியின் மூன்றாம் பாகத்தை ஒதுக்கி வைத்தபோதும், எப்படியும் எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒருமுறை பலித்தது இல்லையா.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்வது நியாயமில்லை. மாதவையாவுக்குக் கல்யாணம் நடந்தபோது அவருக்குப் பதினைந்து வயது, மீனாட்சிக்குப் பதினொன்று. பின்னால் எந்தப் பழக்கத்தை எதிர்த்து நாவல் எழுதினாரோ, அதே பழக்கத்துக்குள்தான் அவருடைய வீடு தொடங்கியது. எட்டுக் குழந்தைகள், மாற்றல்மேல் மாற்றல், முகாமுக்குப் போய்விடும் கணவர். இலக்கிய வரலாறுகளில் மீனாட்சிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரி. அவர் மாதவையாவின் மனைவி என்பதும் கல்யாணத்தின்போது அவருக்கு என்ன வயது என்பதும். 1903-இல் மூன்று புத்தகம் வந்தது என்று நான் மேலே வியந்தேனே, அந்த மூன்றுக்கும் ஒரு வீட்டில் யாரோ சோறு வடித்திருக்கிறார்கள், யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கிறார்கள். ட்ரோலோப்பாவது அந்த 5 பவுண்டைக் கணக்கில் எழுதி வைத்தார்.

என் மனைவி பாட்டு கற்றவள். மகள் பிறந்து நாலு வருஷம் ஆகிறது, தம்புரா ஆப்பைக்கூட அவள் திறப்பதில்லை. நான் சனி, ஞாயிறு இரண்டு காலையும் எழுதிக்கொண்டிருந்தேன். மாதவையாவின் புத்தகப் பட்டியலை அவளிடம் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, “அந்தம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்களாம்?” என்று கேட்டாள். இப்போது சனிக்கிழமை காலை அவளுக்கு, ஞாயிறு எனக்கு. என் கட்டுரை இரண்டு மடங்கு மெதுவாக நகர்கிறது. அவள் இன்னும் வர்ணத்தைத் தாண்டவில்லை. மகள் நடுவில் வந்து சுருதி சேர்க்கிறாள்.

எங்கள் அலுவலகத்தில் பலரிடம் ஒரு எக்ஸெல் ஷீட் இருக்கிறது. 45 வயதில் வேலையை விடுவதற்கு எத்தனை கோடி வேண்டும், மாதம் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற கணக்கு. “அப்புறம் நிம்மதியா போட்டோகிராபி பண்ணுவேன் மச்சான்” என்பார்கள். இது ஏதோ நம் தலைமுறைக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். மாதவையா 1922-இலேயே செய்துவிட்டார். ஐம்பது வயதை ஒட்டி, தானே விரும்பி ஓய்வு வாங்கிக்கொண்டு, மயிலாப்பூரில் வீடு கட்டிக் குடியேறினார். அச்சகம் வைத்தார். 1924-இல் ‘பஞ்சாமிர்தம்’ என்ற மாதப் பத்திரிகை தொடங்கினார். அதில்தான் பத்மாவதியின் மூன்றாம் பாகம் வெளிவரத் தொடங்கியது.

காலம் கிடைத்துவிட்டது. ஆனால் கவனியுங்கள், அந்தக் காலத்தை அவர் முழுசாக நாவலுக்குக் கொடுக்கவில்லை. பத்திரிகை நடத்துவது இன்னொரு முழுநேர வேலை. விஷயம் சேர்க்க வேண்டும், புரூஃப் பார்க்க வேண்டும், சந்தா வசூலிக்க வேண்டும், மாதம் தவறாமல் தபாலில் சேர்க்க வேண்டும். அதோடு சிறுவர்களுக்கான ஆங்கிலப் புத்தகங்கள், குசிகர் குட்டிக் கதைகளின் தமிழாக்கம், பல்கலைக்கழகக் கூட்டங்கள். உத்தியோகம் போன இடத்தை அவரே இழுத்துப்போட்டுக்கொண்ட வேலைகள் நிரப்பிவிட்டன. சுறுசுறுப்பான ஆட்களுக்கு ஓய்வு என்பது அப்படித்தான் அமையும்போல. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. உப்பு இலாகாவில் இத்தனை வருடம் அடுத்தவன் உத்தரவுக்கு நடந்தவர், தன் பெயரில் ஒரு பத்திரிகையைக் கையில் வாங்கிப் பார்த்த மகிழ்ச்சி சாதாரணமாக இருந்திருக்காது.

1925 அக்டோபர் 22. சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் கூட்டம். பி.ஏ. வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று மாதவையா பேசினார். பேசி முடித்து உட்கார்ந்தவர் அங்கேயே இறந்துபோனார். 53 வயது. வேலையை விட்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பத்மாவதி மூன்றாம் பாகம் பாதியில் நின்றது. சாவித்திரிக்கு 11 வருடம் கழித்து ஒரு முடிவு எழுத முடிந்தது. பத்மாவதிக்கு முடியவில்லை.

கடைசிப் பையன் கிருஷ்ணனுக்கு அப்போது 13 வயது. மா. கிருஷ்ணன் என்று பிற்பாடு நமக்குத் தெரிந்த இயற்கையியலாளர். அவரும் சில காலம் உத்தியோகங்கள் பார்த்தார், சண்டூர் சமஸ்தானத்தில் இருந்தார். 1950-இல் ‘ஸ்டேட்ஸ்மேன்’ பத்திரிகையில் காட்டைப் பற்றி, அணிலைப் பற்றி, வீட்டு வாசலில் வரும் பறவையைப் பற்றி ஒரு பத்தி எழுத ஆரம்பித்தார். இரண்டு வாரத்துக்கு ஒன்று. பெரிய புத்தகத்துக்கான காலம் வரட்டும் என்று காத்திருக்காமல் எழுதக்கூடிய அளவு. 1996-இல் அவர் சாகும்வரை, 46 வருடம், அது வந்துகொண்டே இருந்தது.