கூத்து வாத்தியாரின் ஒத்திகை

மாணவர்களை வைத்துப் புதிதாக ஓர் இசை நாடகம் போட வேண்டும் என்று இளைய ஆசிரியர்கள் யோசனை கேட்டு வந்தால், நான் திருப்பிக் கேட்பது இதுதான்: “உங்க தோட்டத்துல காமன் கூத்து ஆடுன பெரியவங்க யாராவது இருக்காங்களா?” இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் தமிழ்த் தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கியே காலத்தைக் கழித்தவன் நான். பிள்ளைகளை ஆடவும் பாடவும் வைக்கும் வித்தை ஏதோ பயிற்சிக் கலாசாலையில் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் வளர்ந்த வித்தை.

கோப்பிக் காலத்திலும், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை தொடங்கிய பிறகும் திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்து ஊர்களிலிருந்து இங்கே தோட்ட வேலைக்கு வந்த சனம் பொன்னர் சங்கரையும் அருச்சுனன் தபசையும் காமன் கூத்தையும் கூடவே கொண்டுவந்தது. அவற்றில் காமனுக்கு மவுசு அதிகம். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றுவார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிந்துபோவான். ரதி அழுது மன்றாடி அவனை மீட்பாள். கதை எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தோட்டமே விடியவிடியக் கண்விழித்துப் பார்க்கும்.

பகலில் மலையில் வேலை, ஒத்திகை இரவில்தான். எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கு வாத்தியார் பாட்டை வாயால் சொல்லிக் கொடுப்பார். அடி பிடிபட்ட பிறகே அடுத்த அடி. ரதியையும் ஆண்தான் கட்டுவான்; முகலட்சணத்தை விட, இரவு முழுக்கப் புலம்பித் தாங்கும் தொண்டையா என்றே வாத்தியார் பார்ப்பார். வேடம் கட்டுபவன் விரதமிருப்பான். அதனால் குடித்துவிட்டு ஒத்திகைக்கு வரும் பேச்சே இல்லை. கால் தப்பு மேளத்தின் அடிக்குப் பழகியபின் கை அசைவு தானாக வரும் என்பது அவர் கணக்கு. இன்றைக்கும் பிள்ளைகளைப் பழக்க இதைவிட நல்ல ஒழுங்கு எனக்குத் தெரியாது.

இந்த ஒழுங்கைக் குலைத்தது சினிமா மட்டுமல்ல. 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. தலைமன்னாரில் கப்பலேறியவர்களோடு பாட்டும் போனது. ஜோடி பிரிந்த கூத்துகள் நின்றுபோயின.

அதே காலத்தில் கண்டிக்குப் பக்கத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வேறொன்று நடந்தது. சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர 1956இல் மாணவர்களைக் கொண்டு ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றியிருந்தார். அந்த உந்துதலில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் தமிழ் மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’ போட்டார். விடியவிடிய ஆடும் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்கேற்பச் சுருக்கினார். பிறகு ‘இராவணேசன்’ புதிதாகவே எழுதப்பட்டது. அதில் இராவணனாக ஆடியவர், பின்னாளில் பேராசிரியரான சி. மௌனகுரு. பேராசிரியர் இருந்தார் என்பதற்காகக் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை யாரும் ஒதுக்கவில்லை. ஆட்டத்தையும் தாளத்தையும் அவரிடமிருந்தே மாணவர்கள் கற்றார்கள். படித்த மாணவர் கால்பட்டதும் கூத்துக்கு மதிப்புக் கூடியது.

காமன் கூத்துக்கு அப்படி ஒரு கை வாய்க்கவில்லை. இன்று பாடசாலை மேடைக்கு விசைப்பலகையும் பதிவிசையும் வந்துவிட்டன. தப்பு வெளியே நிற்கிறது. காரணம் செலவல்ல, சாதி. தப்பைத் தொட்டால் தன் பிள்ளைக்கு இழிவு என்று தகப்பன்மார் என்னிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு எல்லாச் சாதியையும் எழுப்பியது அதே தப்புதான் என்று நானும் பதில் சொல்லியிருக்கிறேன். சிலர் மனம் மாறினார்கள், சிலர் பிள்ளையைக் கூட்டிப் போனார்கள்.

ஆசிரியர்களே, கதையைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து புதிதாக எழுதுங்கள். தோட்டத்துக்கு அனுப்புமுன் நம் முன்னோரைத் தங்கவைத்த மண்டபம் முகாமைப் பற்றியோ இன்றைய சம்பளப் பிரச்சினையைப் பற்றியோ இருக்கட்டும். மெட்டுக்கும் அடவுக்கும் கூத்து வாத்தியாரைத் தேடிப் போங்கள். அவரை ஒத்திகைக்கு அழைத்து நாற்காலி போடுங்கள். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயரை உங்கள் பெயருக்கு மேலே அச்சிடுங்கள்.