மனநோய் என்று நினைத்தார்கள்... ஒரு பரிசோதனை பிறந்த கதை

நேற்று வரை நன்றாக இருந்த ஓர் இளம்பெண். திடீரென்று யாரோ தன்னைக் கொல்ல வருவதாகச் சொல்கிறாள். தூக்கம் இல்லை. இல்லாத குரல்கள் கேட்கின்றன. சில நாட்களில் வலிப்பு வருகிறது, பிறகு பேச்சே நின்றுபோகிறது. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? மனநோய் என்றுதானே! மருத்துவர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

2007-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த நரம்பியல் மருத்துவர் ஜோசெப் டால்மாவும் அவரது குழுவினரும் இப்படிப்பட்ட 12 பெண்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 12 பேருக்குமே டெரடோமா என்ற கட்டி இருந்தது, பெரும்பாலும் சினைப்பையில். இந்தக் கட்டிக்குள் நரம்புத் திசுவும் வளரும். அதை எதிர்க்க உடல் தயாரித்த ஆன்டிபாடி, மூளையையும் தாக்கிவிட்டது!

அதன் இலக்கு, நரம்பு செல்களின் மேல் உள்ள என்.எம்.டி.ஏ ஏற்பிகள். நினைவாற்றலுக்கு இவை மிக அவசியம். ஆன்டிபாடி ஒட்டியதும் ஏற்பிகள் செல்லுக்குள் போய் மறைந்துவிடுகின்றன. ஆனால் செல் பொதுவாகச் சாவதில்லை. ஆகவே ஆன்டிபாடியைக் குறைத்தால் நோயாளி மீண்டு வரலாம். கட்டி இல்லாதவர்களுக்கும், ஆண்களுக்கும், குழந்தைகளுக்கும்கூட இந்நோய் வரும் என்பது பிறகு தெரிந்தது.

பரிசோதனை எப்படி நடக்கிறது? ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் இந்த ஏற்பிக்கான மரபணுவைச் செலுத்துவார்கள். செல்லில் ஏற்பி உருவானதும், நோயாளியின் இரத்தத்தில் பிரித்த சீரத்தையோ, முதுகில் ஊசி போட்டு எடுத்த தண்டுவட நீரையோ அதில் சேர்ப்பார்கள். ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒளிரும் சாயம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

2009-ல் நியூயார்க்கில் 24 வயதுப் பத்திரிகையாளர் சூசன்னா கஹாலனுக்கு இதே நிலை. மருத்துவர் சூஹேல் நஜ்ஜார் அவரை ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். 1 முதல் 12 வரை எல்லா எண்களையும் வலது பக்கமே எழுதினார் அவர்! கோளாறு மூளையில்தான் என்று நஜ்ஜாருக்குப் புரிந்தது. டால்மாவின் ஆய்வகம் ஆன்டிபாடியை உறுதி செய்தது. கஹாலன் குணமாகி, 2012-ல் தன் அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினார்.

அப்படியானால் பரிசோதனை செய்தால் போதுமா? அங்கேதான் சிக்கல். 250 நோயாளிகளை ஆராய்ந்து 2014-ல் வந்த ஆய்வில், தண்டுவட நீரில் எல்லோருக்கும் ஆன்டிபாடி அகப்பட்டது. சீரத்தில் 85.6% பேருக்கு மட்டுமே. அதாவது இரத்தத்தை மட்டும் பார்த்தால் 100 பேரில் சுமார் 14 பேரை "இந்த நோய் இல்லை" என்று அனுப்பிவிடுவோம்.

இன்னொரு சிக்கல், நேரம். பெர்லின் மிருகக்காட்சி சாலையின் புகழ்பெற்ற பனிக்கரடி நூட் நினைவிருக்கிறதா? 2011-ல் பார்வையாளர்கள் கண்முன்னே வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்து இறந்தது. அதற்கும் இதே நோய்தான் என்று, எடுத்து வைத்திருந்த தண்டுவட நீரைச் சோதித்து 2015-ல் கண்டுபிடித்தார்கள். முடிவு சரிதான், ஆனால் நான்கு வருடம் தாமதம்!

மனிதர்களுக்கு அத்தனை தாமதம் ஆகாது. ஆனாலும் நாட்கள், சில இடங்களில் வாரங்கள் ஆகின்றன. இந்த வசதியே இல்லாத ஊர்களும் உண்டு. 577 நோயாளிகளைப் பற்றிய 2013-ஆம் ஆண்டு ஆய்வின்படி, இரண்டு வருடத்தில் சுமார் 81% பேர் நல்ல நிலைக்குத் திரும்பினார்கள். சீக்கிரம் சிகிச்சை தொடங்கியவர்களுக்கே வாய்ப்பு அதிகம்.

அதனால்தான் 2016-ல் டால்மாவும் சேர்ந்த ஒரு நிபுணர் குழு புதிய வழிமுறையை வெளியிட்டது. அறிகுறிகள், மூளை அலைப் பதிவு, ஸ்கேன், தண்டுவட நீர் ஆகியவற்றைப் பார்த்து, கிருமித் தொற்று போன்ற வேறு காரணங்கள் இல்லையென்றால் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம், ஆன்டிபாடி முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றது அது. ரசீது இன்னும் வரவில்லை என்பதற்காகச் செலவே நடக்கவில்லை என்று கணக்கை மூட முடியுமா?

இந்த நோயை உலகுக்குக் காட்டியவரே, அதன் பரிசோதனையை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள் என்கிறார். இந்த வரலாற்றில் கற்க வேண்டிய பாடம் அதுதான்.