பிணமும் பிணையும்

கூலி கொடுக்கும் நாள். சுரங்கத் தொழிலாளர் வரிசையில் நின்று காசு பெற்றுத் திரும்பும் வாயிலில் ஒரு பெண் நிற்கிறாள். கணவன் மாண்டுவிட்டான். உடல் குடிசையில் கிடக்கிறது. அடக்கம் செய்யப் பணமில்லை, கையேந்துகிறாள். கரியும் வியர்வையும் படிந்த கைகள் ஆளுக்கொரு காசு போடுகின்றன. அடுத்த கூலி நாள் வருகிறது. அதே வாயிலில் வேறொரு கைம்பெண்!

இந்தக் காட்சி, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்காம் நகரையொட்டிய ஃபேர்ஃபீல்டு என்னும் சிற்றூரின் வட்டாரத்தில், முதல் உலகப் போர் முடிந்த ஆண்டுகளில் காணப்பட்டது. கண்டவர் பலர், கண்ணீர் விட்டவரும் பலர். ஒருவர் மட்டும் கண்டார், கணக்கிட்டார். அவர் பெயர் ஆர்தர் ஜார்ஜ் காஸ்டன். 1892இல் டெமோபொலிஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தாத்தாவும் பாட்டியும் அடிமைகளாக இருந்தவர்கள். தாய் வெள்ளையர் வீட்டுச் சமையற்காரி. போர்க்களம் சென்று பிரான்சு நாட்டில் பணியாற்றித் திரும்பியவருக்குத் தாயகம் தந்த பரிசு, சுரங்கத்தில் கூலி வேலை!

இறந்தவரை அடக்கம் செய்வது அந்நாட்டில் என்றுமே வணிகமாக இருந்ததா? இல்லை. முற்காலத்தில் வீட்டுப் பெண்களே உடலைக் கழுவி, உடுத்தி, கூடத்தில் கிடத்துவர். ஊர்த் தச்சன் பெட்டி செய்து தருவான். நாற்காலியும் மேசையும் செய்த அதே தச்சன்தான் நாளடைவில் வண்டியும் வாடகைக்கு விட்டு, அடக்கப் பணியையே தொழிலாகக் கொண்டான். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், தொலைவில் மாண்ட வீரரின் உடல் கெடாமல் ஊர் வந்து சேர வேண்டியிருந்தது. மருந்தேற்றிப் பதப்படுத்தும் முறை பரவிற்று. 1865இல் சுட்டுக் கொல்லப்பட்ட லிங்கனின் உடல், பதப்படுத்தப்பட்டு, வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு வரை இரயிலில் ஊர் ஊராகச் சென்றது. நாடே கண்டது, நாடே அம்முறையை ஏற்றது. 1882இல் அத்தொழிலினர் தேசியச் சங்கமும் கண்டனர். தகப்பன் நடத்தி, மகனோ மருமகனோ தொடரும் ‘ஈம இல்லம்’ சிற்றூர்தோறும் எழுந்தது; மாடியில் குடும்பம், கீழே பிணம் என வாழ்ந்தவர்களும் உண்டு.

ஆனால் தென்மாநிலங்களில் பள்ளி வேறு, இரயில் பெட்டி வேறு, மருத்துவமனை வேறு. சாவாவது சமமாக்கிற்றா? இல்லை! வெள்ளையர் நடத்திய ஈம இல்லங்கள் பலவற்றில் கறுப்பரின் உடலுக்கு இடமில்லை. கல்லறைத் தோட்டத்திற்கும் வேலி. காப்பீட்டிலும் அதே கதை: பெரிய நிறுவனமொன்று 1881இல், ஒரே சந்தா கட்டினாலும் கறுப்பருக்கு மூன்றிலொரு பங்கு குறைத்தே தருவதென்று விதி செய்தது. உயிரோடிருந்தபோது உழைப்பைச் சுரண்டியவர்கள், உயிர் போன பின்னரும் கழித்துக் கொண்டார்கள்!

காஸ்டன் 1923இல் ஃபேர்ஃபீல்டில் ஓர் அடக்கச் சங்கம் தொடங்கினார். வாரந்தோறும் சில காசு. சாவு நேர்ந்தால் சங்கமே அடக்கம் செய்யும். கையேந்தல் ஒழிந்தது, இரந்து பெற்றது உரிமையாயிற்று. மாமனார் ஸ்மித்துடன் சேர்ந்து ‘ஸ்மித் அண்ட் காஸ்டன்’ என்னும் ஈம இல்லத்தையும் நடத்தலானார். 1932இல் சங்கம் காப்பீட்டு நிறுவனமாயிற்று. கணக்கெழுதப் பயிற்சி பெற்ற கறுப்பர் கிடைக்கவில்லை. எனவே வணிகக் கல்லூரி ஒன்று எழுந்தது. தங்க விடுதியில்லை, 1954இல் பர்மிங்காமில் விடுதி திறந்தார். கடன் தர ஆளில்லை. 1957இல் சேமிப்பு நிறுவனம் கண்டார். பிணத்திற்குச் சேர்த்த காசு, உயிருள்ளோருக்குப் படிப்பாக, படுக்கையாக, வீடாக மாறிற்று.

‘ஏழையின் காசில் ஒருவர் செல்வரானார், அவ்வளவுதானே?’ என்று கேட்கும் தோழருண்டு. கேள்வி நியாயமானதே. ஈமத் தொழிலில் பகட்டும் உண்டு, பறிப்பும் உண்டு. பட்டு விரித்த பெட்டி, பளபளக்கும் பிடி என்று துயரத்தில் நிற்போரிடம் பணம் கறக்கும் போக்கை, ஜெசிக்கா மிட்ஃபோர்டு என்னும் எழுத்தாளர் 1963இல் நூலெழுதித் தோலுரித்தார். ஒவ்வொன்றிற்கும் தனித்தனி விலையைக் காட்ட வேண்டும் என்னும் அரசு விதி 1984இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தொழிலைப் புனிதமென்று போற்ற வேண்டியதில்லை. ஆயினும், காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பதோடு, அது கடைசியில் எங்கே போயிற்று என்றும் கேட்க வேண்டும்.

1963 விடை சொல்லிற்று. நிறவெறியை எதிர்த்து பர்மிங்காமில் கிளர்ச்சி நடத்த வந்த மார்ட்டின் லூதர் கிங் தங்கியதும், திட்டம் தீட்டியதும் காஸ்டன் விடுதியில். காஸ்டன் கிளர்ச்சிக்காரர் அல்லர், நிதானி. சிறுவர் சிறுமியரைப் போராட்டத்தில் இறக்குவதை அவர் ஏற்கவில்லை. இளைஞர் அவர்மீது சினங்கொண்டனர். மே மாதத் தொடக்கத்தில் ஒருநாள், வெள்ளை வழக்கறிஞர் ஒருவருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சினூடே சன்னல் வழியே பார்த்தார். எதிரிலிருந்த பூங்காப் பக்கம், தீயணைப்புக் குழாயின் நீர் ஒரு சிறுமியை உருட்டித் தள்ளிற்று. பேச்சு நின்றது. நிதானியின் மனமும் மாறிற்று.

மே 8ஆம் நாள் கிங்கும் அவர் தோழர் ஆபர்நாதியும் மீண்டும் சிறையிலடைக்கப்பட்டனர். சமரசப் பேச்சு முறியும் நிலை. பிணைத்தொகை 5,000 டாலர். கட்டியவர் காஸ்டன்! மே 10இல் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. மே 11 இரவு அவர் விடுதியில் வெடிகுண்டு வெடித்தது. செப்டம்பரில் அவர் இல்லத்தின்மீதும் தீக்குண்டுகள் விழுந்தன. வெறியர்களுக்கு அவர் யார் பக்கம் என்பதில் ஐயமில்லை.

எப்படி வந்தது அந்தத் துணிவு? வெள்ளை முதலாளியிடம் கூலி வாங்கும் ஆசிரியரும் தொழிலாளியும் வாய் திறந்தால் வேலை போகும். ஈம இல்லக்காரரின் சோறோ அவர்தம் மக்களின் கையிலிருந்தே வந்தது. அவரை வேலைநீக்கம் செய்ய எவராலும் முடியாது. தொட மறுத்துத் தள்ளிய தொழிலே, தலைநிமிர்ந்து நிற்கத் தரையாயிற்று!

வேலிகள் உடனே விழுந்துவிடவில்லை. 1969இல் வியத்நாம் போரில் மாண்ட பர்மிங்காம் கறுப்பு வீரர் ஒருவருக்கு, அவ்வூரின் எல்ம்வுட் கல்லறைத் தோட்டம் இடம் மறுத்தது. நாட்டிற்காக உயிர் கொடுக்கலாம். ஆறடி மண் கேட்கலாகாது! குடும்பத்தார் வழக்காடினர், நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 1970 சனவரியில் அவ்வீரரின் உடல் வேறிடத்திலிருந்து எடுத்து வரப்பட்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. வேலியைத் தாண்டியது ஒரு சவப்பெட்டி.

காஸ்டன் 1987இல் தம் காப்பீட்டு நிறுவனத்தை, அதன் மதிப்பினும் மிகக் குறைந்த விலைக்கு, அதில் உழைத்தவர்களுக்கே விற்றார். 1996இல் 103ஆம் வயதில் மறைந்தார். அவர் விடுதி 2017இல் தேசிய நினைவுச் சின்னத்தின் ஒரு பகுதியாயிற்று.

‘செத்த பின் எல்லாரும் சமம்’ என்று உபதேசம் செய்வார் உண்டு. பர்மிங்காமின் கல்லறை வேலி அதைப் பொய்யாக்கிற்று. சமத்துவத்தைச் சாவு கொண்டுவந்து தராது, தோழர்களே! வாழ்வோர்தாம் தேட வேண்டும். வாயிலில் கையேந்தி நின்ற பெண்ணின் துயரைக் கண்டு, காசாகவும் சங்கமாகவும் துணிவாகவும் அதை மாற்றியவர்கள் தேடியதைப்போல!