குறைகடத்தி என்னும் சொல்லும் பட்டைக் கொள்கையும்

ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் எம் இல்லத்திற்கு மின்னைக் கொணர்வது உலோகக் கம்பி; அவ்வில்லத்துக் கைப்பேசியுள் அதனை ஆள்வது சிலிக்கன் சில்லு. முன்னதைக் கடத்தி என்றும் பின்னதைக் குறைகடத்தி என்றும் வழங்குகிறோம். இவற்றிடை வேறுபாடு அளவினதா, இயல்பினதா? சொல்லை மட்டும் நோக்குவார் அளவினது என்றே கொள்வர். வரலாறு வேறு கூறுகிறது.

1833 இல் பாரடே, வெள்ளிச் சல்பைடு சூடேறுந்தோறும் அதன் கடத்துதிறன் மிகுதலைக் கண்டார். செம்போ சூடேறின் தடை மிகுவது. 1900 இல் துரூடே, உலோகத்துள் எலக்ட்ரான்கள் வளிமத் துகள்போல் உலவுவன என்றார். ஓமின் விதி அதனால் விளங்கிற்று. பாரடே கண்ட முரண் விளங்கவில்லை. 1928 இல் பிளாக், ஒழுங்குற அமைந்த அணுவரிசையூடே எலக்ட்ரான் அலையாய்த் தடையின்றிச் செல்லும் என நிறுவினார். வெப்பத்தால் அணுக்கள் அதிர, அவ்வலை சிதறும். செம்பின் இயல்பு இதனால் தெளிவாயிற்று. ஆயின், எல்லாப் படிகமும் கடத்தியாதல் வேண்டுமே!

இவ்விடரை 1931 இல் தீர்த்தவர் கேம்பிரிட்சு அறிஞர் ஆலன் வில்சன். எலக்ட்ரான்களின் ஆற்றல்நிலைகள் பட்டைகளாய் அமைகின்றன. முற்றும் நிரம்பிய பட்டையில் ஒரு திசைச் செலவை எதிர்த்திசைச் செலவு ஈடுசெய்தலின் மின்னோட்டம் நிகழாது. உலோகத்தில் பட்டை நிரம்பாதிருக்கும். அன்றி, அடுத்த பட்டையோடு மேற்படிந்திருக்கும். சிலிக்கனில் நிரம்பிய பட்டைக்கும் அடுத்ததற்கும் இடையே 1.1 எலக்ட்ரான் வோல்ட்டு அளவு இடைவெளி உண்டு. வெப்பம் சில எலக்ட்ரான்களை அதன்மேல் ஏற்றுகிறது. வைரத்தில் அவ்விடைவெளி ஏறத்தாழ 5.5. எனவே சிலிக்கனுக்கு நெருங்கிய உறவு வைரமேயன்றிச் செம்பு அன்று. குறைகடத்தி என்னும் பெயர் இவ்வுறவை மறைத்துவிடுகிறது. வகுப்பில் யாமும் பன்முறை இடர்ப்பட்டதுண்டு.

இத்துறையில் தமிழ்நாட்டார் ஒருவரின் பங்கு போதிய அளவு பேசப்படவில்லை. வத்திராயிருப்பில் 1898 இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், கல்கத்தாவில் பணியாற்றிய காலத்தில், 1939 இல் கங்கூலியுடன் கிராபைட்டுப் படிகத்தை ஆராய்ந்தார். பென்சிலில் யாம் எழுதும் அப்பொருள், தன் அடுக்குத் தளத்தின் வழியே மின்னை நன்கு கடத்துகிறது. தளத்திற்குச் செங்குத்தாகவோ பன்மடங்கு குறைவாகவே கடத்துகிறது. திசையைச் சுட்டாது கிராபைட்டின் கடத்துதிறன் இவ்வளவு என்றல் பொருந்தாதாயிற்று. அதன் பட்டை அமைப்பை வாலசு கணக்கிட்டு வெளியிட்டது 1947 இல், எட்டாண்டுகள் பின்னரே.