பொம்பேயா தொழிற்சாலை: எதைப் பாதுகாப்பது?

நவீனக் கட்டிடங்களைப் பாதுகாப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் கான்கிரீட்டின் ஆயுள் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது, காரை பெயர்கிறது, பொறியாளர் வருகிறார். கட்டிடத்தினுள் நடந்துகொண்டிருந்தது என்ன, அது தொடர்கிறதா என்ற கேள்வி எழுவதில்லை. இந்தக் கேள்வியிலிருந்தே பிறந்த கலாச்சார மையம் ஒன்று ப்ரெஸிலின் ஸாவோ பாவ்லோ நகரில் உள்ளது: ஸெஸ்க் பொம்பேயா.

1938ல் அது இரும்புப் பீப்பாய்கள் செய்யும் தொழிற்சாலை. பிறகு குளிர்பதனப் பெட்டிகள் செய்தார்கள். 1971ல் ஸெஸ்க் அதை வாங்கியது. வர்த்தகத் துறை ஊழியர்களின் நலனுக்காக 1946ல் ஏற்பட்ட ஸ்தாபனம் இது. பழைய கொட்டகைகளை இடித்துவிட்டுப் புதிய கட்டிடம் எழுப்புவதுதான் எவருக்கும் தோன்றக்கூடிய யோசனை. இடத்தைப் பார்க்க வந்த லினா போ பார்தி கண்டது வேறு. வார இறுதிகளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் அங்கே வந்துகொண்டிருந்தன. குழந்தைகள் ஓடினார்கள், பையன்கள் பந்து விளையாடினார்கள், பொம்மலாட்டம் நடந்தது, ஒரு மூலையில் இறைச்சி வாட்டினார்கள். இதெல்லாம் இப்படியே தொடரவேண்டும் என்பதுதான் அவருடைய முதல் தீர்மானம். வரைபடம் அதற்குப் பிறகு வந்தது.

இத்தீர்மானத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 1914ல் ரோமில் பிறந்த லினா, 1946ல் ப்ரெஸிலுக்கு வந்தவர். பாஹியா மாநிலத்தின் ஸால்வடோர் நகரில் காலனிய காலத்துக் கட்டிடத் தொகுதி ஒன்றைப் புதுப்பித்து, 1963ல் மக்கள் கலைக்கான மியூஸியமாகத் திறந்தார். மாட்டுவண்டியின் மரப் பொருத்தும் முறையில், ஆணியில்லாமல் செய்த படிக்கட்டு அங்கே உண்டு. மறுவருஷம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த முயற்சி முறிந்தது. கட்டிடம் மட்டும் மிஞ்சுவது என்றால் என்ன என்பதை அவர் அறிந்தவர்.

பொம்பேயாவில் 1977லிருந்து 1986 வரை, ராணுவ ஆட்சி தளர்ந்து முடிந்த ஆண்டுகளில், வேலை நடந்தது. லினாவின் அலுவலகம் கட்டுமான இடத்திலேயே இருந்தது. கொட்டகைகளின் சட்டகம் ஆரம்பகாலக் கான்கிரீட் பொறியாளர் என்னபிக்கின் முறையைச் சேர்ந்தது என்று கண்டு அதைக் காப்பாற்றினார். சுவரின் பூச்சை உரித்துச் செங்கல்லை வெளிக்கொணர்ந்தார். பெரிய கூடத்தின் தரையில் ஆறு போல வளையும் ஆழமில்லாத நீர்த்தடம், அருகே கணப்பு, ஒரு பக்கம் வாசகசாலை. இப்பகுதி 1982ல் திறக்கப்பட்டது. மனையின் ஊடே ஓடிய ஓடையின் மேல் எதையும் கட்டமுடியாது. ஆகவே ஓடையின் மேல் மரப்பலகை பாவி, ஜனங்கள் வெயில் காயும் 'கடற்கரை' ஆக்கினார். அதன் இருபுறமும் எழுந்த இரண்டு கான்கிரீட் கோபுரங்களை ஆகாயத்தில் பாலங்கள் இணைக்கின்றன. விளையாட்டுக் கோபுரத்தில் ஜன்னல்கள் இல்லை; குகை வாய்களைப் போல ஒழுங்கற்ற துளைகள்தான். அவற்றுக்குக் கண்ணாடியும் கிடையாது.

'கலாச்சாரம்' என்ற வார்த்தை அவருக்கு உவப்பாக இல்லை. அதன் கனம், கட்டளைக்குப் பணிந்து கலாச்சாரம் செய்யவேண்டும் என்ற பயத்தை ஜனங்களுக்குத் தந்து அவர்களை ஊமையாக்கிவிடும் என்று கருதினார். நாடக அரங்கில் மெத்தையில்லாத மர இருக்கைகளை வைத்தார். கிரேக்கர்கள் கல்லில் அமர்ந்தார்கள், மத்தியகால நாடகத்தை ஜனங்கள் சதுக்கத்தில் நின்று பார்த்தார்கள், மெத்தை அரண்மனை அரங்குகளோடு வந்தது என்பது அவர் வாதம். பார்வையாளன் சொகுசில் அமிழ்ந்துவிடாமல் நாடகத்தோடு ஈடுபடவேண்டும். இருக்கை இங்கே ஒரு விமர்சனக் கருத்து.

2015ல் ப்ரெஸிலின் தேசிய பாரம்பரிய நிறுவனம் இதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. லினா இறந்து அப்போது இருபத்துமூன்று வருஷங்கள். இந்த அறிவிப்பு அற்பமானதல்ல. டில்லியில் ராஜ் ரேவலும் மகேந்திர ராஜும் 1972ல் உருவாக்கிய 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்', அறுபது வயது நிறையாத கட்டிடம் பாரம்பரியமாகாது என்ற வாதத்தின் முன் பாதுகாப்பின்றி நின்று, 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. பொம்பேயாவுக்குக் கிடைத்த சட்டம் செங்கல்லைக் காக்கும். கூடத்தில் சதுரங்கம் ஆடும் கிழவர்களை அது காக்காது. அவர்களைக் காப்பது, வர்த்தக நிறுவனங்கள் தம் சம்பளப் பட்டியலில் 1.5 சதவீதத்தை ஸெஸ்க்குக்குச் செலுத்தவேண்டும் என்ற ஏற்பாடு. 2018 டிசம்பரில், பொருளாதார அமைச்சராகவிருந்த பாவ்லோ கெடெஸ் இவ்வகை ஸ்தாபனங்களின் நிதியில் கத்தி வைக்கவேண்டும் என்று பேசினார். 2020ல், கொள்ளைநோயின்போது, அந்த விகிதம் தற்காலிகமாகப் பாதியாக்கப்பட்டது. கலாச்சார மையத்தை இடிக்க கடப்பாரை வேண்டியதில்லை.

பணம் ஒழுங்காக வந்தாலும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. அரங்கின் இருக்கைகளுக்கு மெத்தை போட்டால் என்ன என்று எவராவது நியாயமாகவே கேட்பார். சட்டம் அவரைத் தடுக்கலாம். ஆனால் அவருக்குப் பதில் சொல்லாது. பதில் சொல்ல, அந்த மரப்பலகையின் காரணம் தெரிந்தவர்கள் அங்கே இருந்துகொண்டிருக்கவேண்டும்.